கடலில்லாத ஊரில் ஒரு கப்பற்படை

பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்தபோது, கடற்கரை முழுவதும் ஒரே பங்காளியிடம் தங்கிவிட்டது. விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது பருத்தியும் பட்டாசும் தீப்பெட்டியும், மேற்கே ஒரு மலைத்தொடரும்தான். அந்த மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டிக் கிடக்கும் வ. புதுப்பட்டியில் தண்ணீர் என்றால் கண்மாய். இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் பிளவக்கல் அணைக்குப் போக வேண்டும். அலையைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோதான் கிளம்ப வேண்டும்.

ஆனால் பீரங்கி பூட்டிய பாய்மரக் கப்பல் ஒன்றுக்குத் தலைவனாக இன்று கடல் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையனும், ராஜபாளையத்தில் நூல் மில் ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவரும் கைபேசியைத் திறந்தால் போதும். ஒரு தீவு, நாலு கப்பல், கூட ஒரு கூட்டம். "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிட்டால், "இந்தா வந்துட்டேன்மா, ரெய்டு முடியட்டும்" என்று பதில் வரும். அந்த ரெய்டு என்ன, அது ஏன் முடியவே மாட்டேனென்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டுகளின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

தீவுக்குள் என்ன நடக்கிறது?

கடற்கொள்ளையரை வைத்து வரும் ஆன்லைன் வியூக விளையாட்டுகள் நிறைய உண்டு. பெயரும் படமும் மாறினாலும் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றே. தொடங்கியதும் ஒரு வெறுந்தீவு கிடைக்கும். அதில் தங்கச் சுரங்கம், மரம் அறுக்கும் பட்டறை, சரக்கு வைக்கும் கிடங்கு, கப்பல் துறை என்று ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். சுரங்கம் தானாகத் தங்கம் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்துத் துறையைப் பெரிதாக்கலாம், கூடுதல் கப்பல் இறக்கலாம், மாலுமிகளைச் சேர்க்கலாம். ஆட்டக்காரர்கள் இதை 'அப்கிரேட்' என்பார்கள்.

கட்டியதைக் காப்பது இன்னொரு வேலை. சுற்றியுள்ள தீவுகளின் சொந்தக்காரர்களும் நிஜ மனிதர்கள்தான். ஒருவர் பிரேசிலில் இருப்பார், இன்னொருவர் இந்தோனேசியாவில். அவர்களுக்கும் தங்கம் தேவை. எதிரியின் தீவை அடித்துக் கிடங்கைக் காலி செய்வதுதான் ரெய்டு.

ஒரு ரெய்டைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எதிரியின் தீவு திரையில் விரிகிறது. சில நொடிகள் ஆராய அவகாசம் உண்டு. வடக்குக் கரையில் பீரங்கி மேடைகள் நெருக்கமாக நிற்கின்றன, தெற்கே ஒரே ஒரு காவல் கோபுரம். அனுபவம் இல்லாதவர் தங்கக் கிடங்கைப் பார்த்ததும் மொத்த ஆட்களையும் அங்கேயே இறக்குவார். தேர்ந்தவர் முதலில் இரண்டே பேரை ஓர் ஓரத்தில் விடுவார். அவர்களை நோக்கிப் பீரங்கிகள் திரும்பும். எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடுகிறது, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு அடி தாங்கும் தடித்த ஆட்கள் முன்னால், துப்பாக்கிக்காரர்கள் பின்னால், வெடி வைக்கிறவர்கள் சுவரோரம் என்று வரிசையாக இறங்குவார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நிமிடங்களில் விரலுக்கு வேலை குறைவு. யாரை, எங்கே, எந்த வரிசையில் இறக்குவது என்ற முடிவுதான் ஆட்டம்.

கோயில் மண்டபத் தரையில் கட்டம் கீறி ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு. பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். ஆட்டைப் பறிகொடுத்தாவது புலியை அடைக்க வேண்டும். சமமில்லாத இரண்டு படைகளை மோதவிடும் அந்தக் கணக்குதான் கைபேசித் தீவிலும் ஓடுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் எதிராளி கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார், ஆட்டம் முடிந்தால் எழுந்து போய்விடுவார். இங்கே எதிராளி தூங்கும்போதும் அவர் தீவை அடிக்கலாம். நாம் தூங்கும்போதும் நம் தீவு அடிபடலாம்.

அதனால்தான் கூட்டணி பிறக்கிறது. 'கில்டு' என்றும் 'அலையன்ஸ்' என்றும் சொல்லப்படும் குழுவில் பத்து முதல் நூறு பேர்வரை சேர்வார்கள். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் கப்பல் அனுப்புவார். கட்டடம் வேகமாக முடிய ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். பெரிய துறைமுகத்தைப் பிடிக்கத் தேதி குறித்து எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். இந்தியாவில் இருப்பவர் தூங்கப் போகும் நேரத்தில் வளைகுடாவில் இருப்பவர் இரவு உணவுக்கு உட்கார்ந்திருப்பார், ஐரோப்பாவில் இருப்பவருக்குச் சாயங்காலம். வெவ்வேறு நேர மண்டலத்து ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் கூட்டணிக்கு அதுவே பெரிய பலம்.

முதல் கப்பல் எப்போது கிளம்பியது?

கணினியில் கடற்கொள்ளையைப் பிரபலமாக்கியது 1987இல் அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'பைரேட்ஸ்!'. உருவாக்கியவர் சிட் மையர். விளையாட்டின் தலைப்பிலேயே அவர் பெயரைப் போடும் வழக்கம் அதில்தான் தொடங்கியது. பிற்பாடு 'சிவிலைசேஷன்' வரிசையால் உலகப் புகழ் பெற்றவர் இவரே. பைரேட்ஸில் இணையம் கிடையாது. தனி ஆள் ஆட்டம், கரீபியன் கடல். அதில் மையர் வைத்த ஓர் ஏற்பாடு இன்றைக்கும் பேசப்படுகிறது: ஆட்ட நாயகனுக்கு வயதாகும். கொள்ளை அடித்துக்கொண்டே இருக்க முடியாது. உடம்பு தளரும், வாள்வீச்சு மந்தமாகும், மாலுமிகள் முணுமுணுப்பார்கள். சரியான நேரத்தில் ஓய்வு பெற்றுக் கரையேறுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி.

பலர் சேர்ந்து ஆடும் கொள்ளைக் கப்பலுக்கு நல்ல உதாரணம் 2003 டிசம்பரில் வந்த 'பசில் பைரேட்ஸ்'. சான் பிரான்சிஸ்கோவின் த்ரீ ரிங்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை உருவாக்கியது. இதில் கப்பல் தானாக ஓடாது. ஒருவர் பாயைக் கவனிக்க வேண்டும், ஒருவர் ஓட்டையை மரத்தால் அடைக்க வேண்டும், ஒருவர் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் ஒரு புதிர். இறைப்பவர் சோம்பினால் கப்பல் கனத்துப்போய் வேகம் குறையும். அது மொத்தக் கூட்டத்தின் தலையில் விடியும். யார் எப்படி வேலை செய்தார் என்ற அறிக்கை அவ்வப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வரும். கொள்ளை முடிந்தால் பங்கு பிரிக்கப்படும்.

அதில் தீவைப் பிடிக்கும் முற்றுகையும் உண்டு. அதற்கு நிறையக் கப்பல், நிறைய ஆள் வேண்டும். சொந்தக் கூட்டம் போதாதபோது வெளியாட்களுக்கு ஆட்டக் காசில் சம்பளம் கொடுத்து அழைப்பார்கள். இரண்டு தரப்பும் ஏலம் போல் கூலியை ஏற்றிக்கொண்டே போவதும் நடக்கும். தீவு கைக்கு வந்தால் ஆளுநரை நியமித்து வரி போடலாம். குழுவை ஒருவரே ஆள்வதா, வாக்கெடுப்பில் முடிவெடுப்பதா என்பதையும் ஆட்டக்காரர்களே தீர்மானிக்கலாம்.

2005இல் த்ரீ ரிங்ஸ் ஒரு புது வழியைத் திறந்தது. ஆட்டத்தில் உழைத்துச் சேர்க்கும் காசு ஒன்று, நிஜப் பணம் கொடுத்து வாங்கும் 'டப்ளூன்' இன்னொன்று. இரண்டையும் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஒரு சந்தையும் வைத்தார்கள். பணம் இருந்து நேரம் இல்லாதவர் டப்ளூன் வாங்கி விற்றார். நேரம் இருந்து பணம் இல்லாதவர் ஆடிச் சேர்த்த காசைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். நேரத்துக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு மாற்று விகிதம் வெளிப்படையாகவே ஓடியது. பின்னால் வந்த பல விளையாட்டுகளும் இதே பண்டமாற்றில்தான் பிழைக்கின்றன. ஆனால் அந்தச் சந்தையைத் திறந்து வைப்பவர்கள் குறைவு.

அடுத்து உலாவியில் ஆடும் கப்பல் போர்கள் வந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து பிக்பாயின்ட் நிறுவனம் 2006இல் 'சீஃபைட்'டை விட்டது. 2012இல் பின்லாந்தின் சூப்பர்செல் 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' கொண்டுவந்தபோது கைபேசிக்கான அச்சு கிடைத்துவிட்டது: இலவசமாகத் தொடங்கு, கட்டு, காத்திரு, அடி. அந்த அச்சில் கடற்கொள்ளையரை வார்த்தது 2014இல் வந்த 'பிளண்டர் பைரேட்ஸ்'. இங்கிலாந்தின் மிடோகி உருவாக்கியது, ஆங்ரி பேர்ட்ஸ் புகழ் ரோவியோ வெளியிட்டது. தங்கம் ஒரு செல்வம், மாலுமிகளின் சாராயமான 'குரோக்' இன்னொரு செல்வம், காசு கொடுத்து வாங்க ரத்தினம்.

தமிழருக்கு நெருக்கமான இரண்டு செய்திகளும் இந்தக் கதையில் உண்டு. ஒன்று சிங்கப்பூர் சம்பந்தப்பட்டது. அங்குள்ள யூபிசாப்ட் கிளைதான் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' விளையாட்டின் தலைமைப் பட்டறை. 2017இல் அறிவித்துவிட்டு, பலமுறை தேதியைத் தள்ளிப்போட்டு, 2024 பிப்ரவரியில்தான் அதைக் கரைசேர்த்தார்கள். களம் கரீபியன் அல்ல, இந்தியப் பெருங்கடல். ஆப்பிரிக்கக் கரை ஒருபுறம், கிழக்கிந்தியத் தீவுகள் மறுபுறம்.

இன்னொன்று, பழைய வியூக விளையாட்டான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. அதற்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற இணைப்பு வந்தது. அதில் திராவிடர் ஒரு தனி அணி. அவர்களின் சிறப்புகளில் ஒன்று கடற்படை. 'திரிசடை' என்ற பெரிய போர்க்கப்பலும், உருமி வீசும் வீரர்களும் உண்டு. இராஜேந்திர சோழன் பெயரிலேயே ஒரு படையெடுப்புக் கதையை ஆடலாம். கடாரம் கொண்டவனின் 1025ஆம் ஆண்டுக் கடற்பயணம் இப்படி எந்த நாட்டுப் பையனின் மேசைக்கும் போய்ச் சேர்கிறது.

நிஜக் கடலில்

இந்தியப் பெருங்கடலை விளையாட்டுக் களமாக்கியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, முசிறித் துறைமுகத்துக்கு அருகே கொள்ளையர் தொல்லை இருந்ததையும், இந்தியா வரும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிவந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து 'ஷீல்டு' வாங்குவார்கள். அது இருக்கும்வரை தீவை யாரும் தொட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் விற்ற 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டும் ஏறக்குறைய இதேதான். எந்தக் கப்பல், எங்கே போகிறது, என்ன சரக்கு என்று எழுதிய சீட்டு. அதை வாங்காத வணிகக் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். காலங்காலமாக ஓடிக்கொண்டிருந்த கடலில் ஓட, புதிதாக வந்தவனிடம் சீட்டு வாங்கு என்றால் யாருக்குப் பொறுக்கும்? கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் எதிர்த்து நின்றார்கள். போர்ச்சுக்கீசியர் அவர்களைக் கடற்கொள்ளையர் என்றே எழுதினார்கள்.

அந்தப் போரின் ஒரு பெரிய மோதல் தமிழ்க் கரையிலேயே நடந்தது. 1538இல், மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையில், மார்ட்டிம் அஃபோன்சோ டி சௌசா தலைமையில் வந்த போர்ச்சுக்கீசியப் படை மரைக்காயர்களின் பெரும் கப்பல் கூட்டத்தை முறியடித்தது. இன்று இராமேஸ்வரம் போகும் பயணிகள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இந்த வரிசையில் கடைசி மரைக்காயரான நான்காம் குஞ்ஞாலியின் முடிவு, கூட்டணி விளையாட்டு ஆடுகிற எல்லோருக்கும் புரியும். அவருக்கும் சாமூத்திரிக்கும் பிணக்கு முற்றியது. நூறு வருடப் பகையை மறந்து சாமூத்திரி போர்ச்சுக்கீசியரோடு கைகோத்தார். குஞ்ஞாலியின் கோட்டை விழுந்தது. 1600இல் கோவாவில் அவர் தலை வெட்டப்பட்டது.

நிஜக் கொள்ளையரின் தொழிலில் வாளைவிடக் காத்திருப்புக்கு வேலை அதிகம். 1695இல் ஆங்கிலக் கொள்ளையன் ஹென்றி எவ்ரி, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பும் முகலாயக் கப்பல்களைப் பிடிக்கச் செங்கடலின் வாயில் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தான். பருவக்காற்றை நம்பி ஓடும் கப்பல்கள் எப்போது அந்த வழியாக வரும் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியும் அந்தக் கூட்டம் ஓர் இரவில் அவனுக்குத் தெரியாமல் நழுவிவிட்டது. துரத்திப் போய், ஔரங்கசீப்பின் பெருங்கப்பலான 'கஞ்ச்-இ-சவாய்'யைப் பிடித்தான். கப்பலில் இருந்த பயணிகளுக்கு நேர்ந்த கொடுமைகள் பயங்கரமானவை. விளையாட்டுகள் அந்தப் பகுதியைக் காட்டுவதில்லை. கோபத்தில் முகலாய அதிகாரிகள் சூரத்தில் இருந்த ஆங்கில வணிகர்களைச் சிறைவைத்தார்கள். எவ்ரியின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. அவன் கூட்டாளிகள் சிலர் தூக்கில் தொங்கினார்கள், அவன் மட்டும் அகப்படவேயில்லை.

அடுத்த தலைமுறைக் கொள்ளையன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் நானூறு கப்பல்களுக்கு மேல் பிடித்தவன் என்பார்கள். 1722இல் ஆப்பிரிக்கக் கரையோரம் பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு நடந்த சண்டையில் செத்தான். அவன் கப்பலில் எழுதி வைத்திருந்த விதிகள் 1724இல் அச்சேறிய ஒரு புத்தகத்தின் வழியாக நமக்குக் கிடைக்கின்றன. முக்கிய விவகாரங்களில் எல்லோருக்கும் ஒரு வாக்கு. கொள்ளையில் தலைவனுக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒன்று. சண்டையில் கை கால் போனால் பொதுப் பணத்திலிருந்து நஷ்டஈடு. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், அதற்கு மேலும் குடிக்கிறவன் மேல்தளத்துக்குப் போய் இருட்டில் குடிக்கலாம். சீட்டாகட்டும் பகடையாகட்டும், காசு வைத்து ஆடக் கூடாது.

கொள்ளையடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட கூட்டம் சூதாட்டத்தைத் தடை செய்ததற்கு ஒழுக்கம் காரணமில்லை. நூறு பேர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் மரக்கலத்தில் ஒருவன் காசை இன்னொருவன் சுருட்டினால் இரவோடு இரவாகக் கத்தி பாயும், கப்பல் நாறிவிடும்.

ரத்தினம் எதை வாங்குகிறது?

நிஜக் கொள்ளையன் காற்றுக்குக் காத்திருந்தான். கைபேசிக் கொள்ளையன் கட்டடம் முடியக் காத்திருக்கிறான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே காத்திருப்பைத் தயாரிப்பதே நிறுவனம்தான்.

எண்களைக் கற்பனையாக வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பல் துறையின் முதல் நிலைக்கு ஒரு நிமிடம். இரண்டாவதுக்குப் பத்து நிமிடம். அப்புறம் ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். முதல் சாயங்காலமே ஏழெட்டுக் கட்டடம் எழும்பிவிடும், 'அடேயப்பா' என்றிருக்கும். மூன்றாம் மாதத்தில் ஒரே ஒரு பீரங்கியை ஏற்ற ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கும்: இத்தனை ரத்தினம் கொடுத்தால் இப்போதே முடித்துத் தருகிறோம். ரத்தினம் தீர்ந்தால் கடை திறக்கும். நூறு ரூபாய்க்குள் ஒரு சின்னப் பை, ஆயிரக்கணக்கில் ஒரு பெரிய பெட்டி.

வாங்குவது தங்கமும் கப்பலும் போலத் தெரிந்தாலும், உண்மையில் விற்கப்படுவது நேரம். கட்டடத்தை நாமே கட்டலாம், ரத்தினம் இல்லாமலும் ஆடலாம். பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல்தான் ஆடுகிறார்கள். கொஞ்சப் பேர் கொட்டிக் கொடுப்பதை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அப்படிச் செலவழிப்பவர்களைத் தொழில்துறையில் 'திமிங்கலம்' என்பார்கள். காசு போடாதவர்களும் நிறுவனத்துக்கு வேண்டும். திமிங்கலம் தன் பலத்தைக் காட்ட எதிரே யாராவது இருக்க வேண்டுமல்லவா?

காத்திருப்போடு இன்னும் சில தூண்டில்கள் உண்டு. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும். ஞாயிறு இரவு முடியும் 'சிறப்புச் சலுகை'. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி. இந்தக் கடைசி வகைக்கு 'லூட் பாக்ஸ்' என்று பெயர். அரிதான கப்பல் தலைவன் கிடைப்பானா என்று திரும்பத் திரும்பத் திறக்கச் சொல்லும். இது சூதாட்டமே என்று கருதி, 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஒழுங்கு ஆணையம், சில விளையாட்டுகளின் காசுப் பெட்டிகளைச் சட்டவிரோதம் என்றே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும்விட வலுவான தூண்டில் கூட்டணிதான். தனியாக ஆடுகிறவர் அலுத்தால் மூடி வைத்துவிடுவார். நாற்பது பேர் காத்திருக்கும்போது மூடி வைக்க மனம் வராது. 'நைட் பதினொன்றுக்கு அட்டாக், யாரும் மிஸ் பண்ணாதீங்க' என்று தலைவர் தகவல் போட்டால், விடிகாலையில் மில் ஷிப்ட் உள்ளவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருவார். நட்புக்காகத்தான் உட்காருகிறார். அந்த நட்பு நிஜமானது. அதைச் சுற்றிக் கட்டிய கடிகாரம் வியாபாரம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

'ஆன்லைன் கேம்' என்றாலே வீடுகளில் ஒரு பயம் வந்துவிட்டது. ரம்மியில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களின் கதையைத் தமிழ்நாடு நிறையக் கேட்டிருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 பிப்ரவரியில் பண விளையாட்டுகளுக்கான விதிகள் வந்தன: 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை, ஆதார் வழியே சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கூடாது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ராபர்ட்ஸ் கப்பலின் விளக்கணைப்பு எட்டு மணிக்கு, தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணிக்கு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரித்தது: போட்டி விளையாட்டான இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கான சமூக விளையாட்டு, பண விளையாட்டு. பணம் கட்டி, பதிலுக்குப் பணம் வெல்லலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் கூடாது என்றது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

கடற்கொள்ளை வியூக விளையாட்டு இதில் எங்கே வரும்? ரத்தினத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் ஆட்டத்தில் வென்ற தங்கத்தை நிறுவனம் ரூபாயாகத் திருப்பித் தராது. பந்தயமும் இல்லை, பணப் பரிசும் இல்லை. ஆகவே இது ரம்மியோடு சேராது. வீட்டில் ரெய்டு அடிக்கும் பையனைச் சூதாடி என்று திட்டுவது சரியில்லை. அதே சமயம், திரும்பி வராத பணம் என்பதால் செலவு செலவுதான். அந்தத் தீவும் கப்பலும் ஆடுகிறவருக்குச் சொந்தமும் கிடையாது, பயன்படுத்த அனுமதி மட்டுமே. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது 'ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்' என்ற வியூக விளையாட்டும் அந்தப் பட்டியலில் போனது. அதில் வருடக்கணக்கில் கோட்டை கட்டியவர்கள் யாரிடமும் இழப்பீடு கேட்க வழியில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நிறைய நேரம் ஆடுவதை மட்டும் வைத்து அப்படி முத்திரை குத்த முடியாது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது என மூன்றும் சேர வேண்டும். படிப்பு, வேலை, குடும்பம் என வாழ்க்கை கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். இது வழக்கமாக ஓர் ஆண்டாவது நீடிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இப்படிப்பட்ட தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014இல் 'ஷட்' என்ற தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது.

அந்த நிலைக்குப் போகாத பெரும்பாலான வீடுகளில் சண்டை வேறு விதமானது. "போனை வை" என்று அப்பா பிடுங்குவார். நடு ரெய்டில் பிடுங்கினால் பையனுக்குத் தோற்ற எரிச்சலோடு கூட்டணிக்காரர்கள் முன் அவமானமும் சேரும். ஒரு ரெய்டுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் என்று தெரிந்த அப்பா, "இது முடிஞ்சதும் வைச்சிரு தம்பி" என்று சொல்லிவிட்டு நிற்கலாம். அடுத்த ரெய்டைத் தொடங்க விடாமல் இருப்பது, நடக்கும் ரெய்டை நிறுத்துவதைவிடச் சுலபம். செயலியின் அறிவிப்புகளை அணைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும், ஏனென்றால் 'கட்டடம் முடிந்தது' என்று நள்ளிரவில் எழுப்புவது அந்த மணிதான்.

பணத்துக்கு வேறு பூட்டுகள் தேவை. வளர்ந்த தீவுக் கணக்கை விலைக்கு வாங்குகிறேன், விற்கிறேன் என்று குழுக்களில் வருகிறவர்களிடம் ஏமாறுகிறவர்கள் உண்டு. விளையாட்டு நிறுவனங்களின் விதிகளே பொதுவாக அந்த வியாபாரத்தை அனுமதிப்பதில்லை. இலவச ரத்தினம் தருவதாகச் சொல்லி ஓடிபி கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் ஆண்ட்ராய்டு போனில், கூகுள் பிளே அமைப்புக்குள் போய், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வைத்துவிடலாம். தெரியாமல் ரத்தினப் பெட்டி வாங்கப்பட்டிருந்தால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டியிருக்கும்.